மின்கம்பத்தடிச் செடி

அக்காவுக்கு இருப்பது ஒரே சிறுநீரகம். கல் சேர்ந்து சேர்ந்தே இன்னொன்று கெட்டுப்போய், எடுத்துப் போட்டாயிற்று. இருப்பதிலும் கல் வரும், வெயிலில் அலைகிறவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவளும் நானும் சேர்ந்து செய்யும் வேலையோ வீடு வீடாகப் போய் மின்மீட்டர் பார்ப்பது. காலையில் பிடிக்கிற வெயில் மாலைவரை எங்களை விடாது.

அவள் கணவர் தினமும் பெரிய பாட்டிலை நிரப்பிக் கையில் கொடுப்பார். மாலையில் வாங்கி ஆட்டிப் பார்ப்பார். காலியாக இருந்தால்தான் மனிதருக்குச் சோறு இறங்கும். காலியாகத்தான் வந்தது. அப்படியும் போன பரிசோதனையில் புதிதாக ஒரு கல்.

விஷயம் எனக்குப் புரிந்தது ஒரு செடியால். நாங்கள் அலுவலகம் திரும்பும் வழியில், மின்கம்பத்தடியில் யாரும் நடாமல் முளைத்த செடி. தெருவே கருகிக் கிடக்க, அது மட்டும் மாப்பிள்ளை மாதிரி நின்றது. ஒருநாள் அக்கா பின்தங்கவே திரும்பிப் பார்த்தேன். பாட்டிலை அதன் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வாயில் வந்தபடி திட்டினேன். குடித்தால் எங்கே போவது என்று கேட்டாள். எப்போதோ ஒரு வீட்டில் பாத்ரூம் போகலாமா என்று கேட்டாளாம். மீட்டர் பார்க்க வந்தவளுக்கு உள்ளே என்ன வேலை என்றார்களாம். அன்றிலிருந்து காலை டீயோடு சரி. எனக்கு அவள்மேல் கோபம், அந்த வீட்டுக்காரர்கள்மேல் அதைவிடக் கோபம்.

மறுவாரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. பில் அதிகமென்று எங்களோடு சண்டை போட்ட வீடு அது. கதவைத் தட்டினேன்.

“மீட்டர் அப்புறம் பாக்குறோம்மா. மொதல்ல இவங்க உங்க பாத்ரூமுக்குப் போகணும்.”

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார், வழிவிட்டார். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தமுறை தப்பித்தாள். அடுத்தமுறை இருப்பதும் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அதன்பிறகு அக்கா குடித்தாள். செடி வாடத் தொடங்கியது. பாவம்தான், ஆனால் அதன் இலை உதிர உதிர எனக்கு வயிறு குளிர்ந்தது.

நடுவில் கொஞ்சநாள் என்னை வேறு பகுதிக்கு அனுப்பியிருந்தார்கள். நேற்று மாலை அக்காவோடு அதே வழியில் திரும்பினேன். செடி முழுக்கத் துளிர். அதன்முன் நின்றுவிட்டேன்.

“மழை பெஞ்சிருக்கும்” என்றாள், என்னைப் பார்க்காமல்.

தெரு காய்ந்து கிடந்தது. அவள் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். முழுசாகக் கனத்தது. சண்டை போடத் தெம்பில்லை, பயமாக இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

“நாங்க கொஞ்ச நேரம் இங்க நிப்போம்மா. இவங்க தண்ணி குடிக்கணும். குடிச்சா உங்க பாத்ரூமுக்கு வரணும். விடுவீங்களா?”