பால்கோவாவில் விஷம் வைத்தது நான்தான்

கொலை எழுதிப் பிழைக்கிற தொழில்ல உள்ள ஒரே கஷ்டம் என்னன்னா, செத்தவன் பாட்டுக்குச் செத்துக் கிடப்பான். உசிரோட இருக்கிறவங்கதான் நியாயம் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்துருவாங்க. என்னை மாதிரி எழுதிச் சீரழியுற அக்கா தங்கச்சிமாரே, அண்ணன் தம்பிமாரே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனாலும் சொல்லலேன்னா எனக்குத் தலை வெடிச்சிரும்.

நான் இருக்கிறது இராஜபாளையம். எங்க வீட்டுக்காரர் ஒரு பேண்டேஜ் கம்பெனியில தறி ரிப்பேர் பாக்குற ஃபிட்டர். நான் பாக்கெட் நாவல் எழுதுறவ. சமைச்சு முடிச்சு, துணியைக் காயப்போட்டுட்டு, மாசத்துக்கு ஒரு கொலை. இந்தத் தடவை மெட்ராஸ்ல நாவல் போடுற ஆபீஸ்ல இருந்து, "பெரிய பணக்காரக் குடும்பம், உள்ளுக்குள்ள நிறைய ரகசியம், ரெண்டு பாகமா குடுங்க"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச பணக்காரங்க மில் முதலாளிங்கதான். அதனால ஒரு மில் முதலாளி, ஒரு மாந்தோப்பு, கோயம்புத்தூர்ல போய் உக்காந்துட்ட ரெண்டு மகன்கள், சேகர்னு ஒரு வீட்டோட மாப்பிள்ளைன்னு வச்சேன். அந்தச் சேகர் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வந்த பால்கோவாவை ஒரு வாய் சாப்பிட்டு, முதலாளி அப்படியே சரிஞ்சு விழுறாரு. முதல் பாகம் முடிஞ்சுது.

விஷம் வச்சது யாருன்னு ரெண்டாம் பாகத்துல சொல்லணும். யாருன்னு எனக்கே தெரியாது, சத்தியமா. எழுத எழுதத்தான் எனக்கும் தெரியவரும். இதை ஊர்ல ஒரு ஆள் நம்பல. ஆம்பளை பேர்ல எழுதுறதால நான்தான்னு தெரியாம இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் பெருமை தாங்காம புத்தக அட்டையை வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல போட்டாரு பாருங்க, அன்னிக்குப் பிடிச்சது சனியன்.

தேரன்னிக்குச் செத்தவர்

மொதல்ல வந்தவரு எங்க தெரு ஏட்டையா. கதையில கொலை ஆடிப்பூரத் தேரோட்டத்தன்னிக்கு நடக்குது. ஊரே ஸ்ரீவில்லிபுத்தூர்ல வடம் பிடிச்சுக்கிட்டு இருக்கும், இராஜபாளையத்துல வீடு காலியா இருக்கும், கொலைக்குத் தோதுன்னு நான் ரொம்ப யோசிச்சு வச்ச இடம் அது. முதலாளி விழுந்த அரை மணி நேரத்துல இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்குறாரு.

ஏட்டையா புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு அந்தப் பக்கத்தையே தட்டுனாரு. "எந்த இன்ஸ்பெக்டரும்மா இவரு? அன்னிக்கு நாங்க அம்புட்டுப் பேரும் தேர்கிட்ட நிக்கோம். காலைல வாங்கின இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கக்கூட நேரம் கிடையாது." நான், கதைதானே அண்ணாச்சின்னு இழுத்தேன். அவருக்கு மனசே ஆறல. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து சொன்னாரு: "கொலை பண்ணுங்க, வேண்டாங்கல, தேர் நிலைக்கு வந்த பொறவு பண்ணுங்க, நாங்களும் வந்து பிடிச்சுத் தாரோம்."

பால்கோவாக்காரர் நியாயம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சாமி கும்பிடப் போயிட்டு, வழக்கமா வாங்குற கடையில கால் கிலோ கேட்டேன். கடைக்காரர் வாழையிலையைத் தட்டுல போட்டவரு, என் முகத்தைப் பாத்துட்டுக் கரண்டியைக் கீழ வச்சுட்டாரு. ஸ்டேட்டஸ் அங்க வரைக்கும் போயிருக்கு. "நீங்கதானா அது?"ன்னாரு. அடுப்புல பால் கிண்டிக்கிட்டு இருந்த ஆளும் துடுப்பை நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. எனக்கு என்ன செய்யன்னு தெரியல. கதையில வர்ற கடைக்குப் பேரே வைக்கலண்ணே, உங்க கடைன்னு யாருக்குத் தெரியும்னு கெஞ்சுனேன்.

"பேரு வைக்கலேன்னா எல்லாக் கடையுந்தானம்மா?"ன்னாரு. கோவத்தோடயே நிறுத்து, கோவத்தோடயே கட்டி, கொசுறுக்கு ஒரு துண்டு கையில குடுத்து, அதை நான் தின்னு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு. பொறவு சொன்னாரு: "பாருங்க, ஒண்ணும் ஆகல, விஷம் வைக்கணும்னா அல்வாவுல வைங்க, அது திருநெல்வேலிக்காரங்க பாடு."

எங்களுக்கு என்ன குறைச்சல்?

யாரைப் பத்தி எழுதினேன்னு ஊர்ல பெரிய ஆராய்ச்சி. ஒரு பஞ்சு வியாபாரி வீட்டு அம்மா என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லிக் காரே அனுப்பிட்டாங்க. வீட்டுக்குள்ள தெலுங்கு, வாசலுக்கு வந்தா தமிழ்னு பேசுற பெரிய குடும்பம். தொலைஞ்சோம், வக்கீல் உக்காந்திருப்பாருன்னு நினைச்சுக்கிட்டே போனேன். வீட்டுக்காரர்ட்ட, நான் வர நேரமானா குக்கர்ல பருப்பு இருக்குன்னு சொல்லிட்டுப் போனேன்.

வக்கீலும் இல்ல, வம்பும் இல்ல. காபி குடுத்தாங்க. முறுக்கு குடுத்தாங்க. அப்புறம் குரலை இறக்கி, "அது எங்க வீட்டுக் கதையில்லையே?"ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லம்மான்னு சத்தியம் பண்ணுனேன். முகம் மலரும்னு பாத்தா, அந்தம்மா முகம் தொங்கிப்போச்சு. எனக்கு ஒண்ணுமே புரியல. வளையலைத் திருகிக்கிட்டே கேட்டாங்க: "ஏம்மா, எங்க வீட்டுலயுந்தான் வெளிய சொல்ல முடியாதது எம்புட்டோ கிடக்கு, எங்களைப் பாத்தா உனக்கு ஒரு கொலை தோணலையா?"

மாப்பிள்ளை வந்தார்

இதுவரைக்கும் சிரிப்பாத்தான் போச்சு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசல்ல பைக் வந்து நின்னுச்சு. ஹெல்மெட்டைக் கழட்டினவருக்கு நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு. "அக்கா, எம்பேரு கோபால். மில் வீட்டு மாப்பிள்ளை"ன்னாரு. மாமனாருக்கு மில்லு. தோப்பு உண்டு. மச்சினன்மார் ரெண்டு பேரும் கோயம்புத்தூர்ல. இவரு வீட்டோட மாப்பிள்ளை. வாரா வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் யூனிட்டைப் பாத்துட்டு, மாமனாருக்குப் பால்கோவா வாங்கிட்டு வருவாரு. அத்தனையும் என் கதையில வர்றது. ஆண்டாள் சத்தியமா இவங்க வீடு எந்தத் தெருவுலன்னுகூட எனக்குத் தெரியாது!

"மாமா உங்க கதையைப் படிச்சுட்டாங்கக்கா. அதுல இருந்து பால்கோவா டப்பாவைத் திறந்தா, மொதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க மாப்ளங்காங்க. நான் தின்னு முடிச்சு, செத்த நேரம் என்னையே பாத்துட்டுத்தான் அவுக எடுக்காங்க. இப்ப சோறு, ரசம், காபி எல்லாத்துக்கும் பக்கத்துல உக்காரவச்சு மொதல் வாய் எனக்குத்தான். சமையக்கார அம்மா முன்னாடி, டிரைவர் முன்னாடி! எனக்குச் சுகர் வேற இருக்கு. மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா, ஒடம்புக்கு முடியாதவருன்னு பொறுப்பை மச்சினன்மார்ட்ட குடுத்துருவாகளோன்னு மறைச்சு வச்சிருக்கேன்."

ஒரு சொல்லு வாங்காம இருந்த வீடு, இனி நம்பிக்கை இல்லேன்னா பொண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாடகை வீடு பாத்துப் போறதுதான் மரியாதை, ரெண்டாம் பாகம் வாரது வரைக்கும் பாக்கேன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. நான் பொழுதுபோகாம வச்ச விஷம் எங்க போய் வேலை செய்யுது பாருங்க! தண்ணி குடுத்தேன். எனக்கு மொதல்ல குடிச்சுக் காட்டணுமோன்னு பழக்கதோசத்துல ஒரு நிமிசம் யோசிச்சுட்டுக் குடிச்சாரு. கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாரு: "சேகரை எப்படியாவது நிரபராதியாக்கி விட்டுருங்கக்கா, வீட்டுல நான் தப்பிச்சுக்கிடுவேன்."

வேற யாரை மாட்டிவிட?

சரின்னு வாக்குக் குடுத்தாச்சு. சேகர் இல்லேன்னா வேற யாரு? கணக்கரை மாட்டிவிடுவோம்னு எழுத ஆரம்பிச்சேன். தோள் வழியா எட்டிப் பாத்த எங்க வீட்டுக்காரர் பதறிட்டாரு. எங்க கம்பெனிக் கணக்கர் ஒவ்வொரு பக்கமும் படிக்கிறாராம், எனக்கு லீவு எழுதுறது அவருதானேங்குறாரு. சமையக்காரம்மாவைப் பிடிப்போம்னா, மெட்ராஸ்ல இருந்து எடிட்டர் தம்பி போன்ல, எல்லாக் கதையிலயும் அவங்களத்தான் பிடிக்கிறாங்க, விட்டுருங்க மேடம்குறாரு. மகன்களை வைக்கலாம்னா ரெண்டு பேரும் கோயம்புத்தூர்ல இருக்கிறதா நானே எழுதித் தொலைச்சிருக்கேன்.

என் மண்டை குழம்பினது குழம்பினதுதான். சாம்பார்ல புளி போட்டேனா இல்லையான்னுகூடத் தெரியாம ரெண்டு தடவை போட்டிருக்கேன். அதை ஒரு வாய் வச்ச எங்க வீட்டுக்காரர் முகத்தை என்னமோ மாதிரி வச்சுக்கிட்டுக் கேட்டாரு: "ஏட்டி, உன் கதைக்கு ஆள் கிடைக்கலேன்னு என்னையப் பிடிச்சுட்டியா?"

மாமனார் வந்தார்

அடுத்து வந்து நின்னது காரு. அதுல இருந்து இறங்கினவரு கோபாலோட மாமனார். வெள்ளை வேட்டி, கையில என் புத்தகம், மூக்குல கண்ணாடி. எங்க வீட்டுல இருந்தது ஒரு பிளாஸ்டிக் சேரு. அதைத் துடைச்சுப் போட்டேன். டிரைவரைத் தெருமுனையில போய் நிக்கச் சொல்லிட்டு உக்காந்தாரு. காபி போட்டுக் குடுத்தேன். குடுத்ததை யாரையும் குடிச்சுப் பாக்கச் சொல்லாம மடமடன்னு குடிச்சாரு. எனக்கு அப்பவே என்னமோ இடிச்சுச்சு.

"அடுத்த பாகத்துல மாப்பிள்ளையை விட்டுடுதீகளாமே? எம்மக சொன்னா"ன்னாரு. ஆமாய்யா, அவரு பேர்ல ஒரு தப்பும் இல்லன்னு எழுதிருதேன், உங்க குடும்பத்தை நினைச்சு எழுதலய்யா, மன்னிச்சிருங்கன்னு என் பாட்டுக்கு உளறுனேன். அவரு கையைக் காட்டி நிறுத்துனாரு. "விடாதீங்கம்மா."

எனக்கு ஒண்ணும் விளங்கல. அவரே மெதுவாச் சொன்னாரு. "கோபால் மேல எனக்கு என்னம்மா சந்தேகம்? தங்கமான மனுசன். ஆனா இம்புட்டு வருசத்துல ஒரு நாள் எம்பக்கத்துல உக்காந்தது கிடையாது. வீட்டோட மாப்பிள்ளை, மாமனாருக்குச் சரிசமமா உக்காரப்படாதுன்னு அவருக்கு ஒரு கணக்கு. நான் சாப்பிட்டு எந்திரிச்ச பொறவுதான் அவருக்குச் சாப்பாடு. உக்காருங்கன்னா, இருக்கட்டும் மாமாம்பாரு. மகளும் பிள்ளைகளும் அவருகூடத்தான் சாப்பிடுவாக, எம்பொஞ்சாதி போன பொறவு அந்தச் சாப்பாட்டு மேசையில நான் ஒருத்தன்தான். பயலுக ரெண்டு பேரும் போன்லதான் சாப்பிட்டீங்களாங்கானுக. உங்க கதையைப் படிச்சுட்டு ஒரு நாள் சும்மா விளையாட்டுக்குத்தான், மொதல்ல நீங்க சாப்பிடுங்க மாப்ளன்னேன். பதறிப்போய் உக்காந்துட்டாரும்மா! உக்காந்தவரு மில்லைப் பத்தி, பிள்ளைக படிப்பைப் பத்தின்னு ரெண்டு வார்த்தை பேசவும் செய்தாரு."

கண்ணாடியைக் கழட்டி வேட்டி நுனியில துடைச்சாரு. துடைச்சது கண்ணாடியையா கண்ணையான்னு நான் பாக்கல, பாக்க எனக்குத் தைரியம் இல்ல. மருமகன் வாடகை வீட்டுக்குப் போறேன்னதைச் சொல்லலாமா வேண்டாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்னுச்சு. அவரு எந்திரிச்சுட்டாரு. "நீங்க அவரை நிரபராதியாக்கிட்டா, அவரு எந்திரிச்சுப் போயிருவாரேம்மா."

தீர்ப்பு

விடுன்னு மருமகன் கும்பிடுறாரு, விடாதேன்னு மாமனார் கெஞ்சுறாரு. எடிட்டர் தம்பி தினமும் போன். நான் என்னத்தைத்தான் எழுத? அடுத்த சனிக்கிழமை கோபாலே நன்றி சொல்ல வந்தாரு. பைக் ஹாண்டில்ல பால்கோவாப் பை தொங்குது. ஆனா ரெண்டாம் பாகம் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலக்கா, வீடு பாத்தாச்சு, வர்ற மாசம் பால் காய்ச்சுதோம்னாரு. அதுக்கு மேல எனக்குத் தாங்கல. கதையில எந்த ரகசியத்தையும் கடைசிப் பக்கம் வரைக்கும் வயித்துல வச்சிருக்கிறவ நான். இந்த ஒண்ணை வச்சிருக்க முடியல. மாமனார் வந்ததையும், உக்காந்ததையும், சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமச் சொல்லிட்டேன்.

வாசப்படியிலயே நின்னாரு. "மாமாவா? எங்க மாமாவா சொன்னாக?"ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு. ஆம்பளை, தெருவே பாக்க, ஹெல்மெட்டை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அழுதாரு. செத்த நேரம் விட்டுட்டு, இனி நீங்களாவே பக்கத்துல உக்காந்துர வேண்டியதுதானே தம்பின்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டுனாரு. நானா போய் உக்காந்தா மரியாதை இல்லாத மாதிரி இருக்கும், மாமா சந்தேகப்பட்டு உக்காரவச்சா அது அவுக உத்தரவு, தட்டக்கூடாதுன்னாரு. பால்கோவாப் பையை எடுத்து எங்கிட்டயே குடுத்துட்டு, பைக்கை உதைக்கப் போனவரு நின்னு சொன்னாரு: "கொலைகாரன் நானாவே இருந்துட்டுப் போறேன்க்கா, ரெண்டாம் பாகத்துல விஷம் இருந்தது பால்கோவாவுல இல்ல, காராச்சேவுலன்னு மட்டும் மாத்திருங்க, எனக்குச் சுகர்."

எத்தனையோ கொலையைக் கண்டுபிடிச்சு முடிச்சவதான் நான், ஆனா செத்தவரும் கொன்னவரும் ஒரே மேசையில உக்காந்து சேவு தின்னட்டும்னு பாகம் பாகமாத் தீர்ப்புச் சொல்லாம இழுத்துக்கிட்டே போறது இந்த ஒரு கொலையைத்தான்.