ஜூஹூவுக்குக் கொண்டுபோன லாரி டியூப்

அறுபதுகளில் நானும் என் அக்காள் புருஷனும் தாராவியில் ஒரே தோல் பட்டறையில் வேலை பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை ஆட்களெல்லாம் மாகிமில் ரயிலேறி, சாந்தாகுரூஸில் இறங்கி, பஸ் பிடித்து ஜூஹூ போவோம். மிதப்பதற்கு ஒரு பழைய லாரி டியூபும் காற்றடிக்கிற பம்பும் கூடவே வரும்.

எனக்கு நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது அத்தானுக்கு நன்றாகத் தெரியும். இருந்தும், முழங்கால் தண்ணீரில் நின்றவனைப் பின்னாலிருந்து தூக்கி அலைக்குள் எறிந்தார். ஊரில் கிணற்றில் இப்படித்தான் பழக்குவார்களாம். வலை இழுத்துக்கொண்டிருந்த ஒரு கோலி மீனவர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். நான் மண்ணும் உப்புமாக வாந்தியெடுத்தேன். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாளே பட்டறையில் என் பெயர் போய்விட்டது.

“உப்புத் தண்ணில ஊறுன பயல வெயில்ல காயப் போடுங்கலே. உப்புக்கண்டம் ஆயிருவான்” என்றார் அத்தான்.

அதன் பிறகு முதலாளிகூட என்னை உப்புக்கண்டம் என்றுதான் கூப்பிட்டார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அத்தான் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சம்பந்தம் கூடவில்லை.

மாகிமில் மீனவர்கள் குடியிருக்கும் கோலிவாடாவில் ஒருவரைப் பிடித்து, ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் நீச்சல் பழகினேன். நீச்சலைவிட அவர் சொல்லித்தந்த மற்ற விஷயம் பெரிது. கடல் இறங்குகிற நேரத்தில் தண்ணீருக்குள் போகாதே. இரண்டு பக்கமும் அலை உடைந்து நடுவில் மட்டும் அமைதியாகத் தெரிந்தால், அந்த வழியாகத்தான் கடல் ஆளை உள்ளே இழுக்கும். இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தாதே, பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வா.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காளும் எங்களோடு வந்தாள். கடல் இறங்கிக்கொண்டிருந்தது. நுரைகளுக்கு நடுவே அமைதியாக ஓர் இடம். நம்ம ஊர்க் கிணறு மாதிரி கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டு அத்தான் அங்கேயே இறங்கினார். எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

கிணற்றில் நீந்திப் பழகியவன் குதித்த படிக்கட்டுக்கே திரும்பி வருவான். அத்தானும் நேராகக் கரையைப் பார்த்துக் கையை வீசினார். வீச வீசப் பின்னால் போனார். டியூபை எடுத்துக்கொண்டு நான் இறங்கினேன். அவர் கைக்கு எட்டாத தூரத்தில் மிதந்தேன்.

“டியூபத் தாலே, உப்புக்கண்டம்.”

“அப்படி ஒரு ஆளு இங்க இல்ல அத்தான். எம் பேரச் சொல்லுங்க.”

அவர் தலை ஒருமுறை முங்கி மேலே வந்தது. என் பேரைச் சொன்னார். கேட்கவில்லை என்றேன். மறுபடியும் சொன்னார், அழுதுகொண்டே. அதற்குப் பிறகுதான் டியூபை அவர் பக்கம் தள்ளினேன். பக்கவாட்டில் உதைத்து உதைத்து வெகுதூரம் தள்ளிக் கரையேறினோம். அவர் குப்புறக் கிடந்து வாந்தியெடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன்.

அக்காள் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். தாலியைக் காப்பாற்றிக் கொடுத்தேனாம். மறுநாள் பட்டறையில் அத்தான் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மற்றவர்களும் மாறிக்கொண்டார்கள்.

அந்த வருஷத்திலிருந்து தீபாவளிக்கு அக்காள் எனக்கு வேட்டி எடுத்துத் தருகிறாள். அத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாங்கிக்கொள்கிறேன்.