இரட்டை வேகத் தாய்ச்சி

தாம்பரத்துக்குத் தெற்கே எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் தளம் போட்ட வீடு ஒன்றாவது அங்கே இருக்கும். சென்ட்ரிங் கூலியாகச் சேர்ந்து சென்ட்ரிங் கான்ட்ராக்டர் ஆனவன் நான். பலகை அடித்து, அடியில் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்து, மேலே கான்கிரீட் கொட்டுகிற வேலை. படிப்பு ஐந்தாவது, அதுவும் பாதியோடு சரி. முட்டுப் பிரிக்கிற நாளில் வீட்டுக்காரர்கள் தெருவில் நின்றுதான் பார்ப்பார்கள். நான் தளத்துக்கு அடியிலேயே போய் நின்றுகொண்டு "பிரிங்கடா" என்பேன். மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைக் கம்பின் மேல் நின்று டீ குடித்திருக்கிறேன். பெருமைதான். இல்லாததைச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவனுக்கு இரண்டு உள்ளங்காலும் மரத்துப் போயின. சர்க்கரை வியாதி. தாம்பரம் பஸ் நிலையத்தில் நடந்துகொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒரு பூக்காரம்மா கத்தினாள். "பெரியவரே, ஒரு செருப்பு இங்க கீது. ஒத்தக் காலோட எங்க ஓடுற?" குனிந்து பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. மத்தியான நேரம், தார் ரோடு. சுடவும் இல்லை.

என் மனைவி இறந்ததும் அந்த வருஷம்தான். காரியம் முடிகிறவரை வந்தவர்கள் எல்லோரும் நான் எப்போது அழுவேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பந்தல்காரனிடம், கம்பை ஆழமாக நடவில்லை, காற்றடித்தால் சாயும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. வராததை என்ன செய்வது?

பிறகு ஒரு நாள் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின் பக்கத்தில் விழுந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்தான் தூக்கி உட்கார வைத்தார். அவரே என் மகனுக்கும் போன் போட்டுவிட்டார். மகன் சாஃப்ட்வேர் வேலை, மேடவாக்கத்தில் பிளாட். சாயங்காலமே வந்து நின்றான்.

"இனிமே நீங்க இங்க தனியா இருக்க முடியாதுப்பா. வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடுங்க."

"இது நான் கட்டுன வூடு. என்னைத் தூக்கிகினுதான் போவணும் இங்கேர்ந்து."

"அதான் எனக்கு பயமா இருக்கு."

முடிச்சூரில் சுற்றிலும் வயலாக இருந்தபோது வாங்கிய மனை அது. தவளைச் சத்தத்தில் பேசினால் கேட்காது. அங்கே என் கையாலேயே பலகை அடித்து, தளம் போட்டுக் குடி வந்தவன் நான். மேடவாக்கத்தில் நாலாவது மாடியில் போய் டிவி எதிரில் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"சரி. பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டதும் வருவோம். யாரும் பிடிக்காம மொட்டை மாடிக்கு ஏறிக் காட்டுங்க. ஏறிட்டா நான் வாயே திறக்கல. இல்லன்னா பெட்டி கட்டிடணும்."

என் வீட்டு மாடிப்படி வெளிப்பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்தவன் என் வீட்டுக்கு மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

நடை தள்ளாடாமல் இருக்கப் பயிற்சி செய்யும்படி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மருமகள் ஒரு டிவிடி வாங்கி வந்தாள். தாய்ச்சியாம். சீனாக்காரர்களின் உடற்பயிற்சி, அங்கே என் வயதுக்காரர்கள் எல்லாம் பார்க்கில் நின்று செய்வார்களாம். போகிறபோது பிளேயரில் போடவும் எடுக்கவும் காட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் போட்டேன். வெள்ளை பைஜாமா போட்ட ஒரு கிழவர் மரத்தடியில் நின்றார். கையைத் தூக்கினார். தூக்கினார், தூக்கிக்கொண்டே இருந்தார். நான் எழுந்து போய் காபி கலந்துகொண்டு வந்தேன். கை அப்போதுதான் தோளுக்கு வந்திருந்தது. மிஷின் இழுக்கிறது, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். பழைய டேப் ரெக்கார்டரில் அப்படித்தான் ஆகும். பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டில் இருக்கிற ரிப்பேர் கடைக்குப் போனேன்.

கடைக்காரன் போட்டுப் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனுக்கு.

"மிசின் ஷோக்காத்தான் கீது சார். அந்தாளே அவ்ளோ மெதுவாத்தான் ஆடுறாரு."

"யாருகிட்ட கதை வுடுற? எந்த மனுசன் இப்படி ஆடுவான்?"

"அவரை வுடு. பின்னாடி பாரு. ஒரு பொம்பள சைக்கிள்ல போவுது பாரு. சைக்கிள் கரெக்டா போவுதா இல்லியா?"

பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் அந்தப் பெண் சாதாரண வேகத்தில்தான் சைக்கிளில் போனாள். கிழவரின் கை மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"வேணும்னா ரிமோட்ல இதை அமுக்கு சார், டபுள் ஸ்பீடுல ஓடும்" என்றான்.

அது நல்ல யோசனையாகப் பட்டது. வாழ்க்கையில் எந்த வேலையையும் நான் சொன்ன நாளுக்கு முன்னால்தான் முடித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொத்தானை அமுக்கினேன். கிழவர் இப்போது மனிதனைப் போல ஆடினார். அவரோடு நானும் ஆடினேன். இங்கிலீஷில் என்னவோ பேச்சு இருந்தது, வேகத்தில் அதுவும் நின்றுபோயிற்று. எனக்கு அது புரியவும் போவதில்லை. தினமும் காலையில் ஹாலில் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆரம்பித்துவிடுவேன். கொஞ்ச நாளில் அத்தனையும் மனப்பாடம். கிழவரை முந்திக்கொண்டுகூட முடித்தேன்.

கோவளம் பக்கத்திலிருந்து மீன்காரம்மா ஒருத்தி எங்கள் தெருவுக்கு வருவாள். தலையிலிருந்து கூடையை இறக்கவும், திரும்பத் தூக்கி வைக்கவும் வீட்டுக்காரர்கள் ஒரு கை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவிதான் கொடுப்பாள், கொடுத்துக்கொண்டே விலை பேசுவாள். அவள் போன பிறகும் மீன்காரம்மா நிற்காமல் போனதில்லை. ஒரு நாள் நான் ஆடிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே நின்று, திறந்திருந்த கதவு வழியாக என்னையே பார்த்தாள்.

"இன்னாண்ணா, காத்துல வலை வீசிகினு கீறே? எதுனா மாட்டுச்சா?"

"இது எக்சசைசு. உனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுதான். பேய் புடிச்சா மாதிரி கீது. நெத்திலி கீது, வேணுமா?"

அதற்கு அடுத்த வாரம். பயிற்சி முடித்துவிட்டு சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வரும்போது ஹால் தரையில் ரத்தக் கால்தடம். வெள்ளை மொசைக்கில் பளிச்சென்று தெரிந்தது. யாரோ வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். "யார்ரா அது?" என்று கத்தினேன். தடம் போன வழியே போய்ப் பார்த்தேன். சமையலறைக்குள் போய், தண்ணீர்ப் பானைக்கு எதிரில் நின்று, திரும்பி என்னிடமே வந்தது. என் பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து தொங்கியது. வேகமாகக் காலை வீசியதில் கட்டில் காலில் இடித்திருக்க வேண்டும்.

பயமும் வரவில்லை. சாக்குத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க என் காலே திரும்பத் தடம் வைத்தது.

கூவிக்கொண்டு வந்த மீன்காரம்மா கேட்டுக்கு வெளியிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். தானே கூடையை மதில்மேல் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள். காலைக் கழுவி, மஞ்சள் வைத்து, கிழிந்த வேட்டித் துண்டால் கட்டினாள்.

"வலிக்கலியா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"இல்லன்றேனே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா இருந்தா உன்னைத் திட்டியே கொன்னுருக்கும்" என்றாள். பிறகு அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நகம் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறியதும் டிவிடியைப் போட்டேன், அந்தப் பொத்தானை அமுக்கவில்லை. கிழவர் எவ்வளவு மெதுவாகச் செய்தாரோ அவ்வளவு மெதுவாக நானும் செய்தேன். எனக்குத் தரை தெரியாது. கால் பதிந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வேகமாகச் செய்தால் பார்ப்பதற்குள் அடுத்த கால் போய்விடுகிறது. மெதுவாகச் செய்தால் பார்க்க நேரம் கிடைக்கிறது. குதிகால் வந்ததா, வந்தது. விரல் வந்ததா, வந்தது. அதற்குப் பிறகுதான் உடம்பை அந்தக் காலுக்குத் தள்ளுவேன். முழங்கால் கடுத்தது. முழங்காலாவது கடுக்கிறதே என்றிருந்தது.

மெதுவாகச் செய்வதில் ஒரு தொல்லை இருந்தது. நேரம் போகாது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுவது கேட்கும். எங்கள் சமையலறையில் ஒன்றும் கேட்காது. கரண்ட் போய் கிழவர் மறைந்துவிட்டாலும் நான் நிறுத்தாமல் செய்தேன்.

பரீட்சை லீவு விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சாப்பாடு ஆனதும் மகன் வெளியே வந்து மாடிப்படியைப் பார்த்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"தொடாதே. பின்னாடி வா."

முதல் படியில் காலை வைத்தேன், பார்த்தேன், உடம்பைத் தள்ளினேன். அடுத்தது. வீட்டுச் சுவர் இல்லாத பக்கம் பக்கத்து மனையின் முள்செடி தெரிந்தது. பார்வையை அங்கே விடாமல் காலிலேயே வைத்திருந்தேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் என் பின்னால் வருவது நிழலில் தெரிந்தது.

"ஏம்பா இவ்ளோ மெதுவா ஏறுறீங்க?"

"சீனாவுல இப்படித்தான்."

மேலே போய் நின்றேன். திருநீர்மலைப் பக்கம் ஒரு விமானம் தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது. மகனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

"சரிப்பா. இங்கயே இருங்க."

சொன்னதும் அவன் தோள் இரண்டும் இறங்கின. ஏதோ ஒரு பாரம் போன மாதிரி இருந்தது அவன் முகம். அந்த பிளாட்டில் இருப்பது இரண்டே அறை, பிள்ளைகளும் இரண்டு. நான் எங்கே படுப்பேன் என்று அவர்கள் எத்தனை நாள் பேசியிருப்பார்களோ. கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஜெயித்த சந்தோஷத்துக்கும் காத்திருந்தேன். அதுவும் அப்படித்தான்.

கீழேயிருந்து மருமகள் கூப்பிட்டாள். "கிளம்பலாமா? லேட்டானா தாம்பரத்துல மாட்டிப்போம்."

"வாங்கப்பா, இறங்கலாம்" என்று கையை நீட்டினான்.

"நீ போ. நான் டேங்க் மூடியைப் பாத்துட்டு வரேன். உன்னை வுட நல்லாவே இறங்குவேன்."

கார் போகிறவரை மேலேயே நின்று கை ஆட்டினேன். அப்புறம் படிக்கட்டுக்கு வந்து கீழே பார்த்தேன். டிவிடிக் கிழவர் முன்னால் போவார், பின்னால் போவார், பக்கவாட்டில் போவார். இறங்குவதை அவர் எங்கேயும் காட்டவில்லை. மகனும் ஏறத்தான் சொன்னான்.

மேல்படியில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, அடுத்த படிக்கு நகர்ந்தேன். பிறகு அதற்கு அடுத்தது. நாள் முழுக்கச் சித்திரை வெயில் குடித்திருந்த சிமென்ட் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. நன்றாகவே சுட்டது. அவசரம் ஒன்றும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை. சூடு தெரிகிறவரை ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்திருந்து இறங்கினேன்.