ரபியாவின் ஐந்து வேளைத் தண்ணீர்

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், சூரமங்கலத்து வாடகை வீட்டின் மொட்டை மாடியில் ரபியா பெயிண்ட் வாளிகளில் மண் நிரப்பி வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினாள். முளை விட்ட மறுநாளே கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரர் மொய்தீன் ஏறி வந்தார்.

“குடிக்கிறதுக்கே தண்ணி பத்தல. செடிக்கு இனிமே ஒரு சொட்டு விடக்கூடாது!”

சொன்னதோடு நிற்காமல் மாடிக் குழாயையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அதற்காகச் செடியைப் பிடுங்கிவிடுவாளா ரபியா? தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பை வைத்தாள். வீட்டில் நான்கு பேர், தினம் ஐந்து வேளை. சோப்புப் படாத அந்தத் தண்ணீர் முழுவதையும் மாடிக்குச் சுமந்தாள்.

சித்திரையில் மொய்தீன் மறுபடி வந்தபோது வெண்டை காய்த்துத் தொங்கியது.

“தண்ணி விடாதேன்னு சொன்னேனா இல்லையா?”

“இது நாங்க ஒளு செஞ்ச தண்ணி மாமா. அதையும் வேணாம்பீங்களா?”

மொய்தீன் திரும்பிப் படியிறங்கப் போனார். ரபியா விடவில்லை.

“நீங்களும் அஞ்சு வேளை சாக்கடையிலதானே விடுறீங்க? நாளையிலிருந்து ஒரு பக்கெட்டுல பிடிச்சு வைங்க. அடுத்து பாகல் போடப் போறேன்.”