ரஷ்யாவை விழவைத்த இன்னாசிமுத்து

இன்னாசிமுத்து என்ற பெயரைச் செங்கோல்மேரி முதன்முதலில் கேட்டது, வடக்கன்குளம் கோயிலில் பூசை முடிந்து சாமியார் கல்யாண ஓலை வாசித்தபோதுதான். அதுவரை வீட்டில் எல்லாருக்கும் அவர் ‘டெல்லி மாப்பிள்ளை’. பெரியம்மா மகன் சூசைக்குப் பெண் கொடுத்த வீட்டார் வழியாக வந்த சம்பந்தம். மத்திய சர்க்கார் உத்தியோகம். பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசித்தார்கள். ஊரையே கேட்டார்கள். அவளைக் கேட்கவில்லை.

டெல்லிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஆர்.கே.புரத்து ஆபீசில் தபால்களுக்கு எண் போடுவது அவருக்கு உபதொழில் என்று. முக்கிய வேலை உலகத்தைக் கவனித்துக்கொள்வது. சாயங்காலம் ரேடியோவில் உலகச் செய்தி. செய்தி முடிந்ததும் ஜெபமாலை. ஐம்பத்து மூன்று மணியும் ரஷ்யாவுக்கு. போர்த்துகல் தேசத்தில் பாத்திமா என்ற ஊரில் மாதா மூன்று பிள்ளைகளுக்குக் காட்சி கொடுத்து, ரஷ்யா மனந்திரும்ப ஜெபியுங்கள் என்று சொன்னதை, தன் மேசைக்கு நேராக வந்த ஆபீஸ் உத்தரவாகவே அவர் எடுத்துக்கொண்டார். செங்கோல்மேரியின் அம்மா வாதம் வந்து படுத்த மாதத்தில், ஒரு பத்து மணியை மட்டும் அந்தப் பக்கம் திருப்பலாமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

“ரஷ்யா இப்பதான் ஆட்டங்கண்டிருக்கு மேரி. நடுவுல விட்டுரப்படாது” என்றுவிட்டார்.

எழுபத்தைந்தில் பெண் பிறந்தது. முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பது அவர்கள் முறை. அவர் அம்மா சந்தியாகம்மாள் ஊரில் அதற்காகவே காத்திருந்தாள். இவர் பாத்திமா என்று வைத்தார். கிழவி சாகிற வரைக்கும் பேத்தியை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிட்டாள்; பெயர் சொன்னதே இல்லை.

தொண்ணூற்றொன்றில் ரஷ்யா சிதறியது. இன்னாசிமுத்து பிளாக் முழுக்க லட்டு கொடுத்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வைத்தி லட்டை வாயில் போட்டுக்கொண்டே, “ஓய், அத்தனை பெரிய தேசத்தையே சாச்சுட்டீர். நம்ம செக்டார்ல கார்த்தால ஒரு மணி நேரம் குழாய்ல ஜலம் வர்றதுக்கும் கொஞ்சம் உருட்டப்படாதோ?” என்றார்.

“அது முனிசிபாலிட்டி விஷயம் வைத்தி.”

ரஷ்யா போனதும் மனுஷருக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. பத்து வருஷம் சின்னச் சின்ன நாடுகளை வைத்துக்கொண்டு ஒப்பேற்றினார். பிறகு அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்தன. அந்த டிசம்பரில் இங்கே பார்லிமெண்டு வாசலிலேயே சுட்டார்கள். செத்தவர்களுக்காக அவர் உண்மையாகவே அழுதார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அழுது முடித்துவிட்டுப் பேப்பரும் பேனாவும் எடுத்தார்.

ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் ஒரு நோட்டீஸ். ‘அந்நியப் பெயருள்ளவர்கள், வேளைகெட்ட வேளையில் வந்துபோகிறவர்கள் எவரையும் உடனே போலீசுக்குத் தெரிவிக்கவும்.’ கீழே தன் கையெழுத்து, குவார்ட்டர்ஸ் எண். பால் பூத், ரேஷன் கடை, பஸ் ஸ்டாப் என்று பதினாலு இடத்தில் மைதாப் பசை போட்டு ஒட்டினார்.

“அந்நியப் பேருன்னா எந்தப் பேரு?” என்று செங்கோல்மேரி கேட்டாள்.

“உலக அரசியல் உனக்குப் புரியாது மேரி.”

செங்கோல்மேரி, இன்னாசிமுத்து என்ற இரண்டு பெயரும் அந்தப் பிளாக்கில் பாதிப் பேர் வாயில் நுழையாதவை. அது அவருக்குத் தோன்றவில்லை.

பாத்திமா அப்போது நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. மார்ச் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி. ஜனவரியில் அதற்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர் முதலில் மேல்வீட்டுப் படியேறினார். அங்கே புதிதாகக் குடிவந்திருந்த பஞ்சாபி அம்மாள் நோட்டீசை மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பெயர் பாத்திமா, இருட்டினால் போகிறாள், விடிந்தால் வருகிறாள், கையில் எப்போதும் ஒரு டப்பா. ஒன்று விடாமல் சொன்னாள். டப்பாவில் இருந்தது செங்கோல்மேரி கட்டிக்கொடுத்த புளிச்சோறு.

போலீஸ்காரர் கீழே வந்து உட்கார்ந்தார். பேச்செல்லாம் ஹிந்தியில்.

“பாத்திமா யாரு?”

“என் மகள். அது கிறிஸ்தவப் பெயர்.”

“பாபுஜி, எனக்கு இருபது வருஷ சர்வீஸ்” என்று அவர் சிரித்தார்.

இன்னாசிமுத்து விளக்க ஆரம்பித்தார். அங்கேதான் காரியம் கெட்டது. போர்த்துகல் என்றார், ரஷ்யா என்றார். போலீஸ்காரர் இரண்டையும் எழுதிக்கொண்டார்.

“ரஷ்யாவுல உங்களுக்கு யாரு இருக்கா?”

“யாரும் இல்லை. அது விழணும்னு தினம் ஜெபம் பண்ணினோம். விழுந்துட்டது.”

பேனா நின்றது. “நீங்களா விழவச்சீங்க?”

தற்பெருமை பாவம் அல்லவா? “நான் தனியா இல்லை” என்றார் இன்னாசிமுத்து அடக்கமாக.

“கூட யார் யார்?”

செங்கோல்மேரி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். “அண்ணா, அவருக்குக் கொஞ்சம் பக்தி ஜாஸ்தி, அவ்வளவுதான்” என்று காய்கறிக்கடை ஹிந்தியில் மன்றாடினாள். போலீஸ்காரர் கேட்கவில்லை. பால் பூத்திலிருந்து கிழித்து வந்த நோட்டீசைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். “இதுல சொன்னபடிதான் புகார் வந்திருக்கு. கையெழுத்து உங்களுதுதானே?”

ஃபைல் அப்படியே படுத்துக்கொண்டது. மார்ச் போயிற்று. அயர்லாந்து வேலையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“பேரை மாத்திருவோம். வெறும் மேரின்னு கெஸட்ல போட்டுருவோம்” என்றார் இன்னாசிமுத்து, தட்டைப் பார்த்துக்கொண்டு.

“மாதா குடுத்த பேருன்னு உங்க அம்மைய அழவச்சில்லா வச்சிய? இப்ப அதுவும் அந்நியப் பேரு ஆயிட்டோ?” என்றாள் செங்கோல்மேரி.

பாத்திமா டெல்லியில் பிறந்த பெண்; தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்றைக்குத் தடுமாறவில்லை. “நான் மாத்த மாட்டேன்ப்பா. என் வார்டுல ஷபானா சிஸ்டரை டெய்லி கேட்ல நிறுத்தி பையை கொட்டறாங்க. அவ மாத்தினாளா? நீங்க உங்க நோட்டீசை எடுங்க. ஜல்தி.”

மறுநாள் விடிந்ததும் ஒரு வாளி வெந்நீரும் தோசைத் திருப்பியுமாக அவர் கிளம்பினார். மைதாப் பசை லேசில் விடவில்லை. பதினாலு இடத்திலும் குந்தி உட்கார்ந்து சுரண்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். பிறகு ஊரிலிருந்து தன் ஞானஸ்நானப் பத்திரம், மனைவியுடையது, இங்கத்திய கோயிலிலிருந்து மகளுடையது எல்லாவற்றையும் வரவழைத்து, ஏழு முறை ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ரஷ்யாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நவம்பரில் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த வருஷம் பாத்திமா அதே பெயரில் அயர்லாந்துக்குப் போனாள், வேறொரு ஆஸ்பத்திரிக்கு.

இன்னாசிமுத்து ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இப்போது செங்கோல்மேரியோடு ஜனக்புரியில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்.