இன்ஜின் நிறுத்திய பஸ்

மகளைப் பார்க்க ஷார்ஜா வந்த நான், பணிமனை முற்றத்தில் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். அதன் அடியில் மகள் கயல் ஓர் இரும்புச் சக்கரம் பொருத்தியிருக்கிறாள். பிரேக் போட்டால் வீணாகிற வேகத்தை அது சுழன்று சேர்த்து வைக்குமாம். இன்ஜின் இல்லாமல் பஸ் எதிரேயுள்ள மேட்டை ஏறாவிட்டால், கம்பெனிக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றிவிடுவார்கள்.

சிவகங்கைக்கார டிரைவர் முருகேசன் பஸ்ஸை வேகமாக ஓட்டிவந்து மேட்டடியில் பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்துகிறார். காலடியில் சக்கரம் மட்டும் உறுமுகிறது.

"ஆத்தா, எறங்கிக்கங்க. பாரம் கொறஞ்சா ஏறிரும்."

"எம்மக சக்கரம் என்னையச் சுமக்காதா? யல்லா, எடுப்பா!" இங்கே கற்ற அரபுச் சொல்லையும் சேர்த்து அவரை விரட்டுகிறேன்.

பஸ் அசைகிறது. மெல்ல மெல்ல ஏறி உச்சியில் நிற்கிறது. கீழே கயல் கைதட்டவும் மறந்து நிற்கிறாள்.

முருகேசன் திரும்பிச் சிரிக்கிறார். "கேம்ப்ல தங்கியிருக்கிற வேலையாளுகளையும் ஏத்திப் பாப்பமா, ஆத்தா?"

"எல்லாத்தையும் ஏத்து!" என்கிறேன்.