மரவள்ளிக் காட்டில் என் ஆஸிலேட்டர்

போன வாரம் லீவுக்குக் கொல்லிமலை போயிருந்தேன். வளப்பூர் நாடு என்கிற பகுதியில் மாமாவின் மரவள்ளிக் காட்டில் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. காரணம் பன்றி இல்லை... நான்.

கிழங்கு பிடுங்கும் நாள் நெருங்கினால் மாமா தினமும் காட்டில் பரண்மேல்தான் படுப்பார். இந்தத் தடவை அவருக்குக் காய்ச்சல். நான் விடுவேனா? ரேடியோ சிப் டிசைன் செய்கிறவன் ஆச்சே.

"ஊட்லயே படுங்க மாமா. பன்னி வேலியைத் தொட்டா இங்க பீப் அடிக்கும்."

"நெசமாவா கண்ணு?"

"கம்பெனியில எனக்கு இதான் மாமா வேலை."

வேலியில் கட்டிய டிரான்ஸ்மிட்டருக்குள் இருந்தது நானே டிசைன் செய்த விசிஓ — வோல்டேஜை மாற்றினால் அலைவரிசை மாறுகிற ஆஸிலேட்டர். அலைவரிசையை நகரவிடாமல் பூட்டிவைக்க ஒரு கிரிஸ்டல் சர்க்யூட் சேர்த்திருக்கலாம். எதற்கு? நம்ம டிசைன் நகருமா என்ன? மத்தியான வெயிலில் வோல்டேஜை செட் பண்ணினேன். வீட்டில் ரிசீவர் கச்சிதமாகக் கத்தியது. மாமா அன்றைக்கு நிம்மதியாகப் படுத்தார்.

ராத்திரி பனி இறங்கியதும் ஆஸிலேட்டரின் கம்பிச்சுருள் குளிர்ந்தது. வோல்டேஜ் அதேதான் — அலைவரிசை மட்டும் நழுவிவிட்டது. ரிசீவர் பழைய அலைவரிசையிலேயே காதை வைத்துக்கொண்டு சும்மா கிடந்தது.

காலையில் போய்ப் பார்த்தால், காடு உழுதுபோட்ட மாதிரி. டிரான்ஸ்மிட்டர் மட்டும் யாரும் கேட்காத அலைவரிசையில் இன்னும் விசுவாசமாகக் கத்திக்கொண்டிருந்தது.

பக்கத்துக் காட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார். "ஏஞ்சாமி, பன்னி வந்தா மணி அடிக்கும்னியே... அது பன்னிக்குச் சோத்து மணியா?"

மாமாவாவது என்னைத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஆபீஸில் எந்த ஜூனியர் விசிஓ டிசைனைக் காட்டினாலும் என் முதல் கேள்வி, "குளிர்ல ஓட்டிப் பாத்தியா?" கேட்கிற தோரணையை நீங்கள் பார்க்கணும். பிறந்து வளர்ந்த மலையின் குளிர் எனக்கு ஞாபகம் வரவில்லை. இதை எந்த மூஞ்சியோடு அவர்களிடம் சொல்வேன்?

சாயங்காலம் மாமா காய்ச்சலோடு வேலியில் தகர டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தார், மிச்சக் கிழங்கையாவது காப்பாற்ற. என் டிரான்ஸ்மிட்டர் பெட்டியைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள ரெண்டு கல்லைப் போட்டுக் கட்டட்டுமா கண்ணு? நல்லா சத்தம் வரும்."

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டார். சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, நானே கல் பொறுக்கிக் கொடுத்தேன்.

இப்போது அது எந்தக் குளிரிலும் வேலை செய்கிறது.